ஒரு வரி, ஒரு ஓட்டை

ஒரு மனுஷியைக் கெடுக்க வேண்டுமென்றால் திட்ட வேண்டியதில்லை, அடிக்க வேண்டியதில்லை. "உன் வேகத்துக்கு ராயபுரத்துலயே ஆள் கிடையாதும்மா" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். மீதியை அவளே பார்த்துக்கொள்வாள். என்னிடம் அப்படிச் சொன்னவர் கல்மண்டபத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திய மாஸ்டர். அவர் எல்லாப் பெண்களிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது ரொம்ப காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. (தூங்கி வழிகிற பெண்களிடம் இரண்டு தடவை சொல்வாராம்.)

ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கிய கையோடு, துறைமுகத்துக்கு எதிரே இருந்த ஒரு கப்பல் ஏஜெண்ட் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போன முதல் பெண் நான். முதல் நாள் கிளம்பியபோது தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. நானும் கொஞ்சம் மெதுவாகவே நடந்தேன்.

ஆனால் வேலை நிரந்தரமில்லை. ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் பர்மனென்ட். இந்த 'பர்மனென்ட்' என்ற ஒரு வார்த்தையில்தான் என் கழுத்து மாட்டிக்கொண்டிருந்தது. ஏனென்றால், அதே சமயம் எண்ணூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையன் பெயர் சூசை, ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். பையனைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை, ஏனென்றால் நான் அவரைப் பார்த்ததே இல்லை. புகாரெல்லாம் அவருடைய அம்மாவைப் பற்றித்தான். "எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு வேலைக்குப் போவக் கூடாது" என்று அந்த அம்மாள் முதலிலேயே சொல்லியனுப்பியிருந்தார்.

நான் வீட்டில் ஒரு ஆட்டம் ஆடினேன். சோறு தின்ன மாட்டேன் என்றேன். கன்னியாஸ்திரி ஆகிவிடுவேன் என்றேன். (நைனா அதற்கு மட்டும் சிரித்தார். "உன் வாயிக்கு மடத்துல ஒரு நாள் வெச்சிப்பாங்களா?" என்று கேட்டார்.) என் நைனா அந்தோணி துறைமுகத்தில் வின்ச் டிரைவர். டன் கணக்கில் சரக்கைத் தூக்கி இறக்குகிற மனிதர், என்னிடம் பேரம் பேசித்தான் தீர வேண்டியிருந்தது.

"இந்தா பாரு ஸ்டெல்லா. ஆறு மாசம் டைமு. அதுக்குள்ள பர்மனென்ட் ஆயிட்டின்னா, நீ வேலைக்குப் போய்க்கினே இரு. எண்ணூர்காரங்களுக்கு நானே இல்லேன்னு சொல்லிடறேன். ஆவலேன்னு வெச்சிக்க, வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம், கம்முனு கழுத்த நீட்டணும். இன்னா சொல்ற?"

"சரி நைனா" என்றேன். ராயபுரத்திலேயே ஆள் கிடையாது என்று மாஸ்டரே சொல்லியிருக்கிறார், எனக்கென்ன பயம்?

ஐந்து மாதம் பிரச்சினை இல்லாமல் ஓடியது. கடிதங்கள் அடிப்பதுதான் என் வேலை. ஆறாவது மாதத்தில் எங்கள் டெலக்ஸ் ஆபரேட்டர், ஆங்கிலோ-இந்தியரான டெய்சி மிஸ், மகளின் பிரசவத்துக்காக ஜோலார்பேட்டைக்குப் புறப்பட்டார். மேனேஜர் வரதன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா, இந்த ஒரு மாசம் டெலக்ஸ நீ பாத்துக்கோ. கல்கத்தா ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஒரு கம்ப்ளெயின்ட் வரக் கூடாது. வரலேன்னா உன் பர்மனென்ட் ஆர்டருக்கு நானே எழுதறேன்."

டெலக்ஸ் என்பது இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பார்க்கப் பெரிய டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். டயல் சுற்றிக் கல்கத்தாவைப் பிடித்துவிட்டால், இங்கே நாம் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் கம்பி வழியாகப் போய் அங்கே இருக்கிற மெஷினில் தானாக அடிக்கப்படும். அவர்கள் அடிப்பது இங்கே விழும். டெய்சி மிஸ் அதை ஒரு குழந்தையைப் போலத் துடைத்து வைத்திருப்பார். போகும்போது என்னை அதன் முன்னால் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்.

"இது பார் மேன். டைப்ரைட்டர்ல லைன் முடிஞ்சா என்ன பண்ணுவே? லீவரைத் தள்ளுவே. உருளையும் திரும்பி வரும், பேப்பரும் ஒரு லைன் ஏறும். இதுல லீவர் கிடையாது. உருளை திரும்ப இந்தக் கீ. பேப்பர் ஏற இந்தக் கீ. ஒவ்வொரு லைன் முடிவுலேயும் ரெண்டையும் அமுக்கணும். மறக்காதே."

"சரி மிஸ்."

அவர் ரயில் ஏறிய மறுநாள் நான் ஒரு பரிசோதனை செய்தேன். அந்த இரண்டு கீயையும் தொடாமல் அடித்துக்கொண்டே போனேன். வரி நிரம்பியது. அடுத்த எழுத்தை அடித்ததும், யாரும் கேட்காமலே உருளை டக்கென்று வரியின் தொடக்கத்துக்கு வந்தது, தாளும் ஒரு வரி ஏறிக்கொண்டது. மறுபடி செய்து பார்த்தேன். மறுபடியும் அப்படியே. அந்த மெஷினுக்குள் யாரோ எப்போதோ ஒரு கொக்கியை வைத்திருக்கிறார்கள், வரி நிரம்பினால் அது தானாகவே எல்லாவற்றையும் செய்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், பாவம் டெய்சி மிஸ், இத்தனை வருஷமாக வரிக்கு இரண்டு தடவை வீணாக அமுக்கிக்கொண்டிருக்கிறார் என்பதுதான். வந்ததும் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் ராஜபோகம். 'கப்பல் வந்து சேர்ந்தது.' 'கப்பல் புறப்பட்டது.' 'மழை, சரக்கு இறக்கம் நிறுத்தம்.' எல்லாம் ஒரு வரிக்குள் அடங்குகிற சமாச்சாரம். எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. கல்கத்தாவில் டெலக்ஸ் பார்த்தவர் தாஸ் என்பவர். 'கிடைத்தது, நன்றி' என்று ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் அடிப்பார். எங்கள் ஆபீஸ் பியூன் முனுசாமி அண்ணனிடம் நான், "டெய்சி மிஸ்ஸை விட நான் வேகம், பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் வியாசர்பாடிக்காரர், முகத்துக்கு நேரே பேசுகிறவர். "இன்னும் ஒரு வாரம் போவட்டும் பாப்பா" என்றார்.

இரண்டாவது வாரம், கம்பெனி டைரக்டரின் மனைவி விஷயமாக ஒரு செய்தி அனுப்ப வேண்டி வந்தது. அந்த அம்மாள் மதராஸில் தங்கையைப் பார்க்க வந்திருந்தார். தங்கையையும் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமை ஹவுரா போய்ச் சேர்வதாக இருந்தது, தங்கைக்குக் காய்ச்சல், பயணம் தள்ளிப்போயிற்று. வரதன் சார் எழுதிக் கொடுத்ததை நான் ஒரே மூச்சில் அடித்தேன். முதல் வரி இது: 'வியாழனன்று டைரக்டரின் மனைவி தங்கையுடன் ஹவுரா மெயிலில் வந்து சேர்வது சம்பந்தமாக.' அடுத்த வரி: 'பயணம் ரத்து, வரவேற்பு ஏற்பாடு எதுவும் வேண்டாம்.' அதற்கடுத்து இன்னும் நாலு வரி மரியாதை. (எல்லாம் இங்கிலீஷில்தான். நான் தமிழில் சொல்கிறேன்.)

கொஞ்ச நேரத்தில் தாஸ் அடித்தார்: 'ஒரு வரி கிடைத்தது. பிறகு ஓட்டை. மீண்டும் அனுப்பவும்.'

ஓட்டையா? நான் என் தாளைப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி வரிவரியாக ஜொலித்தது. சரி, போகட்டும் என்று மீண்டும் அனுப்பினேன்.

'மறுபடியும் ஒரு வரி. மறுபடியும் ஓட்டை. இந்தத் தடவை பெரியது.'

எனக்குச் சுர்ரென்று ஏறியது. 'இங்கே அழகாக இருக்கிறது. உங்கள் மெஷினைப் பாருங்கள்' என்று அடித்தேன்.

'என் மெஷின் நலம். பம்பாய் நன்றாக வருகிறது. டில்லி நன்றாக வருகிறது. மதராஸ் மட்டும் ஓட்டை.'

'பம்பாய் மெதுவாக அடிக்கும். என் வேகம் உங்கள் மெஷினுக்குத் தாங்கவில்லை.'

'இது முழுதாகக் கிடைத்தது' என்று பதில் வந்தது.

அங்கே நடந்தது இதுதான். என் மெஷினில் உருளையைத் திருப்பியது என் மெஷினுக்குள் இருந்த கொக்கி. கொக்கி செய்கிற வேலை கம்பி வழியாகக் கல்கத்தாவுக்குப் போகாது. நான் அமுக்குகிற கீ மட்டும்தான் போகும். நான்தான் அமுக்கவே இல்லையே. தாஸின் மெஷினில் அப்படி ஒரு கொக்கியும் இல்லை. ஆகவே முதல் வரி முடிந்ததும், மீதி ஐந்து வரியின் அத்தனை எழுத்தும் வரியின் கடைசியில், ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து தாளைத் துளைத்துவிட்டன. தாஸைத் திட்டி நான் அடித்ததெல்லாம் ஒரு வரிக்குள் அடங்கியதால் அட்சரம் பிசகாமல் போய்ச் சேர்ந்தது.

இதை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்றால், கேட்டிருக்க மாட்டேன்.

ஆபீஸ் முழுக்க ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கடல் உப்புக் காற்று மெஷினில் ஏறிவிட்டது என்றார் வரதன் சார். உடனே மெஷினுக்கு ஒரு உறை தைத்தோம். சாயங்காலமானால் பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸிலிருந்து வருகிற கரண்ட் இறங்கிவிடுகிறது என்றார் கணக்குப் பிரிவில் ஒருவர். காலையில் அனுப்பிப் பார்த்தோம், காலையிலும் ஓட்டை. முனுசாமி அண்ணன் மெஷினுக்குச் சாம்பிராணி காட்டினார். என் அம்மா கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள், அதுவும் நான் சொன்னபடி, கல்கத்தா மெஷின் குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு.

எல்லாம் பார்த்துவிட்டு முனுசாமி அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். "பாப்பா, நானும் பாத்துகினு கீறேன். நீ அந்தாள திட்னா ஒயுங்கா போவுது. வேல சொன்னா போவ மாட்டேங்குது. மெஷினுக்கு உன் கொணம் தெரிஞ்சி போச்சி."

அவரைத் தவிர அந்த ஆபீஸில் யாருமே உண்மைக்கு அவ்வளவு பக்கத்தில் வரவில்லை. நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

டைரக்டர் மனைவி விஷயம் என்னவாயிற்று என்று நானும் கேட்கவில்லை, வரதன் சாரும் கேட்கவில்லை. அத்தனை தடவை அனுப்பியிருக்கிறோம், ஒரு தடவையாவது போயிருக்காதா என்று இருந்துவிட்டோம். வெள்ளிக்கிழமை காலை கல்கத்தாவிலிருந்து டிரங்க் கால். வரதன் சார் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அப்படியும் எனக்குக் கேட்டது.

தாஸ் கையில் கிடைத்த ஒரு வரியை அங்கே மேலிடத்தில் காட்டியிருக்கிறார். 'வியாழனன்று டைரக்டரின் மனைவி தங்கையுடன் ஹவுரா மெயிலில் வந்து சேர்வது சம்பந்தமாக.' அப்புறம் ஓட்டை. வருகிறார் என்பது தெரிகிறது, வேறென்ன வேண்டும்? ஹெட் ஆபீஸ் மொத்தமும் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. தலைமை அதிகாரி முகர்ஜி கையில் மாலை. அவருடைய மனைவி கையில் தங்கைக்கு இன்னொரு மாலை. வாசலில் இரண்டு கார். ரயில் வந்தது. ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார்கள். கடைசிப் பயணி இறங்கிப் போய், பெட்டிகளைக் கழுவ ஆள் வந்த பிறகும் மாலையோடு நின்றிருக்கிறார்கள்.

"அடுத்த வாரம் முகர்ஜி சாரே இங்கே வரார்" என்றார் வரதன் சார், ரிசீவரை வைத்துவிட்டு. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "உன் பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடறவரும் அவர்தான். ஸ்டெல்லா, நிஜமா சொல்லு, தப்பு நம்ம பக்கம் இல்லையே?"

"சார், என் தாளைப் பாருங்க சார்! நீங்களே பாருங்க!" என்று அத்தனை நகலையும் அவர் மேஜையில் பரப்பினேன். ஒரு பிசிறு இல்லை. பாவம், அவரும் நம்பிவிட்டார்.

நான் அதோடு நின்றிருக்கலாம். நிற்பேனா? "நம்ம மெஷினை ஒரு மெக்கானிக்கை விட்டு முழுசா செக் பண்ணச் சொல்லுங்க சார். நல்ல நிலையில இருக்குன்னு எழுதி வாங்கிடலாம். அப்புறம் கல்கத்தா வாய் திறக்க முடியாது" என்று யோசனையும் சொன்னேன்.

முகர்ஜி வருகிற அன்று காலையில்தான் மெக்கானிக் வந்தார். அவருக்கு அதற்கு மேல் மணலிக்கு வேறு போக வேண்டியிருந்தது, அந்த எரிச்சலிலேயே மெஷினைப் பிரித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, முகர்ஜியிடம் பேச வேண்டிய வசனங்களை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். 'தவறு எங்கே இருக்கிறது என்பதைத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம்' என்ற இடத்தில் குரலைத் தாழ்த்துவதா, உயர்த்துவதா என்பதில் எனக்குக் குழப்பம்.

"யம்மா, உள்ளாற ஒரு கொக்கி எக்ஸ்ட்ராவா கீது. என் படத்துல இல்லாத சாமான். தேஞ்சி வேற போயிருக்குது. கயட்டிட்டேன். இனிமே தானா திரும்பாது, நீதான் திருப்பிக்கணும். கேக்குதா?"

"ஆங், சரி சரி. மெஷின் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். நான் அதை ஒரு அட்டையில் ஒட்டி, மெஷினுக்கு மேலே சுவரில் மாட்டினேன்.

மத்தியானம் முகர்ஜி வந்தார். உயரமான, அமைதியான மனிதர். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், படவில்லை. வாசலில் பார்த்தால் என் நைனா, காக்கிச் சட்டையோடு. அன்றைக்குத்தான் பர்மனென்ட் விஷயம் முடிவாகும் என்று நான் வீட்டில் பீற்றியிருந்தேன், மனிதர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறார்.

முகர்ஜி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். ஒரு வரி. வரியின் கடைசியில் கன்னங்கரேலென்று ஒரு ஓட்டை. அவர் தாளை உயர்த்தி, அந்த ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார்.

"இது மதராஸிலிருந்து எங்களுக்கு வந்தது" என்றார். "இதே செய்தியை என் முன்னால் அடித்துக் காட்ட முடியுமா?"

முடியுமாவா! நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் முதல் விதி, அடிக்கும்போது கையையும் பார்க்கக் கூடாது, தாளையும் பார்க்கக் கூடாது. பார்த்தால் மாஸ்டர் ஸ்கேலால் விரலில் வைப்பார். கண், பார்த்து அடிக்க வேண்டிய காகிதத்தில் இருக்க வேண்டும், தலை நிமிர்ந்திருக்க வேண்டும். அன்றைக்கு நான் நிமிர்ந்த நிமிர்வை மாஸ்டர் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்.

அடித்தேன். முதல் வரி போயிற்று. இரண்டாவது வரி தொடங்கியதும் சத்தம் கொஞ்சம் மாறியது. டொக் டொக் டொக் டொக் என்று கனமாகக் கேட்டது. என் வேகம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் வேகத்தைக் கூட்டினேன். வரதன் சார் தொண்டையைச் செருமினார். ஆமோதிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஏதோ தூசு மூக்கில் பட்டது. அது காகிதத் தூள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ரத்து என்பதை அடித்தேன், வேண்டாம் என்பதை அடித்தேன், நாலு வரி மரியாதையையும் அடித்தேன். எல்லாம் ஒரே குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"பாப்பா" என்றார் முனுசாமி அண்ணன் மெதுவாக. "பாப்பா... தோண்டினது போதும். தண்ணி வந்துடும்."

நான் குனிந்து பார்த்தேன்.

ஒரு வரி. வரியின் கடைசியில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குப் பின்னால் உருளையிலும் ஒரு தழும்பு.

முகர்ஜி என் தாளைக் கிழித்தெடுத்து, கல்கத்தா தாளின் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு ஓட்டையும் ஒன்றாகச் சேர்ந்து, நடுவில் வெளிச்சம் ஒரு பொட்டு மாதிரி தெரிந்தது. நைனா வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ரெண்டும் ஒரே எடத்துலயே கீது?" என்று கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். எனக்கு அப்படியே தரையைப் பிளந்துகொண்டு துறைமுகத்துத் தண்ணீரில் போய் விழ வேண்டும் போல இருந்தது.

மெக்கானிக் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. 'தானா திரும்பாது, நீதான் திருப்பிக்கணும்.' என் விரல் அந்த இரண்டு கீயையும் தேடிப்போய் அமுக்கியது. உருளை சமர்த்தாக வரியின் தொடக்கத்துக்கு வந்தது. தாள் ஒரு வரி ஏறியது. அவ்வளவுதான் விஷயம்.

முகர்ஜி குனிந்து அந்தக் கீகளைப் பார்த்தார். "இவை இரண்டும் உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?"

"முதல் நாள்லேர்ந்து சார்."

"பிறகு ஏன் அமுக்கவில்லை?"

"எனக்குத் தேவைப்படலை சார்."

"ம். உங்களுக்குத் தேவைப்படவில்லை. ஹவுராவில் மாலையோடு நின்ற எனக்குத் தேவைப்பட்டது" என்றார்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட, இத்தனை நாள் தாஸைப் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது, ஒவ்வொன்றும் முழுதாக. தாஸுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்புகிறேன் என்று நானே சொல்லி, உருக்கமாக மூன்று வரி எழுதிக் காட்டினேன். முகர்ஜி படித்துப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்து இரண்டு வரியைக் கோடு போட்டு அடித்தார். "ஒரு வரியே போதும். உங்கள் விஷயத்தில் அதுதான் நிச்சயம்."

அனுப்பினேன். 'தவறு முழுவதும் என்னுடையது, மன்னிக்கவும். ஸ்டெல்லா, மதராஸ்.' தாஸ் பதில் அடித்தார்: 'முழுதாகக் கிடைத்தது. ஃப்ரேம் போட்டு மாட்டப் போகிறேன்.'

கையெழுத்துப் போட வந்த பர்மனென்ட் ஆர்டரை முகர்ஜி திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். வேலையை விட்டு அனுப்பவில்லை. இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் என் கணக்கு ஆபீஸோடு இல்லையே, நைனாவோடு அல்லவா. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் சொன்னார்: "ஞாயித்துக்கெயம எண்ணூர்காரங்க வர்றாங்க."

நான் ராத்திரியெல்லாம் அழுதேன். நாற்காலி போயிற்று, டெலக்ஸ் போயிற்று, இனி எண்ணூரில் மாமியாருக்கு மீன் கழுவிக் கொடுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். விடியும்போது அழுகை போய், குறும்பு வந்தது. நான் வாக்குக் கொடுத்தது கழுத்தை நீட்டுவேன் என்றுதானே? அவர்களே வேண்டாமென்று எழுந்து ஓடினால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பிள்ளையும் வந்தார்கள். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாள் உதட்டைச் சுழித்துக்கொண்டு, "ஆபீஸ்ல இன்னாம்மா பண்ணிகினு இருந்தே?" என்று கேட்டார். இதற்காகத்தானே காத்திருந்தேன்! ஆதியோடந்தமாக ஆரம்பித்தேன். டெய்சி மிஸ் சொன்னதைக் கேட்காதது, தாஸோடு போட்ட சண்டை, ஹவுராவில் வாடிய மாலை, முகர்ஜி முன்னால் தோண்டிய குழி. ஒன்றையும் மறைக்கவில்லை, என் பக்கத்தை மோசமாகச் சொல்ல முடிந்த இடத்திலெல்லாம் இன்னும் மோசமாகச் சொன்னேன். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்துக்கொண்டே இருந்தாள். நைனா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

சூசை முதலில் காபியைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து, மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஒண்ணு கேக்கறேன். சேதி ஒண்ணு கூட போவல. ஆனா திட்னது மட்டும் ஃபுல்லா போயிடுச்சா?"

"ஒண்ணு விடாம" என்றேன் விறைப்பாக.

அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "எம்மா, வேலைய வுட்டுட்டு வூட்ல குந்து, கிந்துன்னு இந்தப் பொண்ணு கையில நீ எதுவும் சொல்லிடாத. இது பாட்டுக்குத் தெனம் வேலைக்குப் போவட்டும். இது நாள் முச்சூடும் வூட்ல இருந்துச்சுன்னு வெச்சிக்க, கல்கத்தாவுல போட்ட ஓட்டய நம்ம தலையிலதான் போடும்."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "அதுவும் சரிதான்டா" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த ஆளை ரொம்பப் பிடித்தும் போயிற்று. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வரும் என்று கேட்காதீர்கள், வந்தது. 'சரி'யென்று நானே சொன்னேன், நைனா எதுவும் சொல்வதற்கு முன்னால்.

ஆறு மாதம் கழித்துப் பர்மனென்ட் ஆனேன். கல்யாணமாகி எண்ணூருக்குப் போனேன். வேலைக்குப் போகக் கூடாது என்ற அதே மாமியார்தான் தினமும் எனக்கு முன்னால் எழுந்து டிபன் கட்டி, பையைக் கையில் கொடுத்து, "பஸ்ஸு வந்துடும், கெளம்பு, கெளம்பு" என்று வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கொஞ்சம் கவலையாக இருப்பார்.

வீட்டில் நான் யாரையாவது பிடித்துத் திட்ட ஆரம்பித்தால், என் வீட்டுக்காரர் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல், "மொத வரி கெடச்சிது. மீதி ஓட்ட" என்பார். பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டார்கள். இப்போது பேத்தி, இன்னும் பள்ளிக்கூடம் கூடப் போகவில்லை, அவளும் காதைப் பொத்திக்கொண்டு, "ஓட்ட, ஓட்ட" என்கிறாள்.

நான் ரிட்டயர் ஆன அன்று ஆபீஸில் மாலை போட்டு, புகழ்ந்து பேசி, காரில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். மாலையும் கழுத்துமாக இறங்கிய என்னைப் பார்க்கவில்லை. நேராக என் மேனேஜரிடம் போனார். இரண்டு கையையும் கூப்பினார்.

"சார், எக்ஸ்டென்ஷன் கிக்ஸ்டென்ஷன் எதுனா குடுக்க முடியாதா சார்?"